விலை பேசுவதற்கு மட்டுமா குதிரையின் பல்?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது தமிழில் வழங்கும் பழமொழி. இலவசமாகக் கிடைத்த பொருளில் குறை காணுதல் தகாது என்பதே அதன் கருத்து. எனினும், விலை கொடுத்து வாங்கும் கால்நடையின் பல்லை நம் மக்கள் தவறாமல் பார்த்து வந்தனர் என்ற செய்தியும் அதனுள் அடங்கியிருக்கிறது. குதிரை விஷயத்தில் இவ்வழக்கம் நாடெங்கும் உள்ளது. இராஜஸ்தானத்தில் புஷ்கரிலும், உத்தரப் பிரதேசத்தில் பட்டேஸ்வரிலும், பீகாரில் சோன்பூரிலும் கூடும் சந்தைகளில் குதிரையின் உதட்டை விலக்கி முன்பற்களைப் பார்த்து வயதைக் கணிக்காமல் விலை பேசுவோர் அரியர். பல்லைக் கொண்டு குதிரையின் வயதை அறியும் முறை ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையிலேயே இடம்பெற்றுள்ளது. அத்துணைப் பழமையான கலை இது.

ஆனால், விலை முடிந்து குதிரை கைமாறியதும் அதன் வாய் மூடப்பட்டுவிடுகிறது. மீண்டும் அதனை விற்கும் நாள் வரையில் திறந்து பார்ப்பார் பெரும்பாலும் இல்லை. பார்க்கும்போதும் முன்பற்களையே பார்க்கின்றனர். தீனியை அரைத்து உயிர் காக்கும் கடைவாய்ப் பற்களை எவரும் காண்பதில்லை. விலைக்காகத் திறக்கப்படும் வாய் நலத்துக்காகவும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் திறக்கப்பட வேண்டும். அதற்கான ஏற்பாடு உழைக்கும் குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகிய யாவற்றுக்கும் எட்ட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

தேய்ந்து வளரும் பல்

மனிதனுடைய பல் முளைத்து நிலைத்தபின் மேலும் வெளிவருவதில்லை. குதிரையின் பல்லோ வேறு வகையினது. இளங்குதிரையின் கடைவாய்ப் பல் ஏறத்தாழ 7 முதல் 10 சென்டிமீட்டர் வரை நீளமுடையது. அதில் சிறு பகுதியே ஈறுக்கு வெளியே தெரியும். எஞ்சியது தாடையெலும்பினுள் மறைந்திருக்கும். புல்லையும் அதனோடு சேரும் மணலையும் அரைப்பதால் பல்லின் மேற்பரப்பு ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை தேய்கிறது. தேயும் அளவுக்கு உள்ளிருந்து பல் மேலெழுகிறது. ஆகவே, குதிரையின் பல் பிறவியிலேயே கிடைத்த முதலிருப்பைப் போன்றது. ஆண்டுதோறும் அதில் ஒரு சிறு பகுதி செலவாகிறது. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் முதல் தீர்ந்துவிடுகிறது.

முழு வளர்ச்சியடைந்த குதிரைக்கு 12 வெட்டும் பற்களும், 24 கடைவாய்ப் பற்களும் உண்டு. ஆண் குதிரைகளுக்கு இவற்றோடு பெரும்பாலும் 4 கோரைப் பற்கள் இருக்கும். பெட்டைக் குதிரைகளுக்கு அவை இல்லாமலோ மிகச் சிறியனவாகவோ இருக்கும். கடைவாய்ப் பல் வரிசைக்கு முன்னே சில குதிரைகளுக்கு ஓநாய்ப் பல் எனப்படும் சிறு பல் ஒன்று முளைப்பதும் உண்டு. கடிவாளத்தின் இரும்பு படியும் இடத்துக்கு அண்மையில் இது இருப்பதால், சிறிதாயினும் பெருந்தொல்லை தரக்கூடியது.

இனி, கூர்முனைகள் தோன்றும் காரணத்தைப் பார்ப்போம். குதிரையின் மேல்தாடை அகலமானது, கீழ்த்தாடை குறுகலானது. ஆகையால் மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் முழுவதும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்துவதில்லை. குதிரை கீழ்த்தாடையைப் பக்கவாட்டில் அகலமாக ஓட்டி மெல்லும்பொழுது பல்லின் பரப்பு முழுவதும் ஏறக்குறையச் சமமாகத் தேயும். அவ்வோட்டம் குறுகிவிட்டால், மேற்பற்களின் கன்னப்புற விளிம்பும், கீழ்ப்பற்களின் நாவுப்புற விளிம்பும் தேயாமல் நின்று, கத்தி முனைபோல் கூர்மையடைகின்றன. மேல் விளிம்பு கன்னத்தின் உட்புறத்தைக் கிழிக்கிறது. கீழ் விளிம்பு நாக்கின் ஓரத்தை அறுக்கிறது.

அவ்வோட்டம் குறுகுவது ஏன்? தீனியே முதற்காரணம். மேய்ச்சல் வெளியில் திரியும் குதிரை நாளில் பெரும்பகுதியை, ஏறத்தாழ 16 மணி நேரம் வரையிலும், மேய்வதிலேயே கழிக்கும். கொட்டிலில் கட்டப்பட்ட குதிரைக்கோ தவிடும் கடலையும் இரு வேளை வைக்கப்படுகின்றன. ஒரு கிலோகிராம் உலர்ந்த புல்லை உண்ண 3,000 முறைக்கு மேல் மெல்லும் குதிரை, அதே எடையுள்ள தானியத்தை ஏறத்தாழ 1,000 முறை மென்று விழுங்கிவிடும். மெல்லும் முறையும் மாறுகிறது: தாடை மேலும் கீழுமாக அசைகிறதேயன்றி, பக்கவாட்டில் போதிய அளவு ஓடுவதில்லை. நாம் அளிக்கும் தீனியால் உண்டாகும் இக்கேட்டினை நீக்குவதும் நம் பொறுப்பே.

சண்டித்தனம் எனப்படும் வலி

பல் நோயுற்ற குதிரை பட்டினி கிடப்பதில்லை. தன்னால் இயன்றவரை உண்ணவே முயலும். இதனால் நோய் நெடுநாள் மறைந்தே இருக்கும். எனினும், கூர்ந்து நோக்குவார்க்கு அடையாளங்கள் பல உண்டு. குதிரை மெதுவாக உண்ணும். ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து மெல்லும். தானியத்தை வாயிலிருந்து சிந்தும். பாதி மென்ற புல்லை உருண்டையாக்கிக் கீழே உமிழ்ந்துவிடும். இலத்தியில் உடையாத தானியமும் நீண்ட நார்களும் காணப்படும். வாயில் துர்நாற்றம் வீசும். தீனி குறையாதிருந்தும் உடல் மெலியும். நன்கு மெல்லப்படாத தீனி தொண்டைக் குழாயில் அடைத்துக்கொள்வதும், குடலில் தேங்கிக் கடும் வயிற்றுவலியை உண்டாக்குவதும் உண்டு. இவ்வயிற்றுவலி குதிரையின் உயிருக்கே உலைவைக்கக் கூடியது.

இளங்குதிரைகளின் நிலை தனியே கருதத்தக்கது. ஏறத்தாழ இரண்டரை வயது முதல் நாலரை வயது வரையில் 24 பால் பற்கள் விழுந்து அவ்விடங்களில் நிலைப் பற்கள் முளைக்கின்றன. பால் பல்லின் எச்சம் சில வேளை கழன்று விழாமல் புதுப் பல்லின்மேல் தொப்பிபோல் ஒட்டிநின்று ஈறைப் புண்ணாக்கும். குதிரைக்கு முதன்முதலாகக் கடிவாளமிட்டு வண்டிக்கும் சவாரிக்கும் பழக்குவதும் பெரும்பாலும் இவ்வயதிலேதான். வாயெல்லாம் நோகும் காலத்தில் இரும்பை வைத்து இழுத்தால் குதிரை தலையை உதறும், ஒரு பக்கம் திரும்ப மறுக்கும், பின்வாங்கும். உடனே அதனைச் சண்டிக் குதிரை என்கிறோம்; சவுக்கை எடுக்கிறோம்; அல்லது முள்ளுள்ள கடிவாளத்தை மாட்டுகிறோம். வலிக்கு மருந்தாக மேலும் வலியைத் தருவது எவ்வகை அறிவு? கூர்முனைகளும் புடைப்புகளும் கொண்ட கடிவாளத்தை இழுவை, பொதி விலங்குகள் பற்றிய 1965ஆம் ஆண்டு விதிகள் தடை செய்துள்ளன. சட்டம் கடிவாளத்திலுள்ள முள்ளைத் தடுக்கிறது. பல்லிலுள்ள முள்ளை நீக்குவதற்கு நம் கவனமே வேண்டும்.

இவ்வயதில் நிகழும் மற்றொரு கொடுமையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. பல் மாறும் காலத்தில் முன்பற்களுக்குப் பின்னாலுள்ள மேலண்ணம் சற்றுப் பருத்துத் தோன்றும். இது இயல்பானது, தானே தணிந்துவிடும். இதனை நோயென்று கருதி, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதும், கத்தியால் கீறுவதும் சில இடங்களில் கைவைத்தியமாக வழங்கி வந்துள்ளன. இதனால் பயன் யாதுமில்லை. வாய் புண்ணாகிக் குதிரை உண்ணாதொழிவதே மிச்சம்.

கையை நீட்டுவதற்கு முன்

கள ஊழியர்களுக்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. மெல்ல இயலாமல் எச்சில் ஒழுக நிற்கும் குதிரையைக் கண்டவுடன், பல்லிலோ தொண்டையிலோ கோளாறு என்று கருதி வெறுங்கையை வாய்க்குள் விடலாகாது. வெறிநாய்க்கடி நோய் கண்ட குதிரையும் இவ்வாறே விழுங்க இயலாமல் எச்சில் ஒழுக நிற்கக்கூடும். இந்நோய் மனிதனுக்குத் தொற்றி, அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைத்தல் அரிதினும் அரிது. இரணஜன்னி கண்ட குதிரையும் தாடை இறுகி உண்ணாமல் நிற்கும்.

மூக்கொழுக்கைப் பற்றியும் இவ்வாறே கூறவேண்டும். மேல்தாடையின் பின்புறப் பற்களின் வேர்கள் முகவெலும்பின் உட்குழிவறையை ஒட்டியிருப்பதால், அப்பல்லின் வேரில் சீழ் பிடித்தால் ஒரு பக்க மூக்குத் துளையிலிருந்து நாற்றமுடைய சளி ஒழுகும். ஆனால், குதிரையினத்தைப் பற்றும் கிளாண்டர்ஸ் என்னும் கொடிய தொற்றுநோயிலும் மூக்கொழுக்கு உண்டு. அந்நோயும் மனிதனைப் பற்றக்கூடியது. கால்நடைகளின் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அது அறிவிக்கப்படவேண்டிய நோய்களுள் ஒன்று. ஆகவே, இத்தகைய குதிரையைக் கண்டால் மற்றக் குதிரைகளிடமிருந்து பிரித்துவைத்து, கால்நடை மருத்துவருக்குத் தெரிவிப்பதே கள ஊழியரின் முதற்கடமை. நோய் இன்னதென்று அவர் தெளிந்த பின்னரே பல்லைப் பற்றிய பேச்சு. ஒரு குதிரைக்குப் பயன்படுத்திய அரத்தையும் வாய்திறப்பானையும் கழுவித் தொற்றுநீக்காமல் அடுத்த குதிரைக்குப் பயன்படுத்துவதும் தகாது.

கூறப்படும் மறுப்புகள்

காட்டில் திரியும் குதிரைக்குப் பல் மருத்துவர் உண்டோ என்று சிலர் வினவுவர். காட்டுக் குதிரை நாள் முழுவதும் மேய்கிறது, கடிவாளம் தரிப்பதில்லை, சுமை சுமப்பதில்லை. அவ்வாறிருந்தும் பல் கெட்ட குதிரை அங்கே மெலிந்து மடியவே செய்கிறது. அதனைக் கணக்கெடுப்பார் இல்லை என்பதுதான் வேறுபாடு.

நாட்டில் குதிரைகளே அருகிவரும் காலத்தில் இவ்வளவு அக்கறை எதற்கு என்பது இரண்டாவது மறுப்பு. எண்ணிக்கை குறைந்திருப்பது உண்மையே. 2012ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ ஆறேகால் இலட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019இல் ஏறத்தாழ 3.4 இலட்சமாகக் குறைந்துவிட்டன. கழுதைகள் அவ்வாண்டில் ஏறத்தாழ 1.2 இலட்சமும், கோவேறு கழுதைகள் ஏறத்தாழ 84 ஆயிரமுமே இருந்தன. ஆனால், இவ்வெண்கள் காட்டும் பாடம் அலட்சியமன்று. எஞ்சியுள்ள விலங்குகளுள் பல எவரிடம் உள்ளன என்று பாருங்கள். வடமாநிலங்களின் செங்கற்சூளைகளில் பச்சைச் செங்கல் சுமப்போரிடமும், கௌரிகுண்டத்திலிருந்து கேதாரநாதத்துக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் மலைவழியில் யாத்திரிகரையும் பொதியையும் ஏற்றிச்செல்வோரிடமும், சிற்றூர்களில் வண்டி ஓட்டிப் பிழைப்போரிடமும் உள்ளன. அவ்விலங்கு ஒன்றே அக்குடும்பத்தின் முதலும் வருவாயும் ஆகும். வாய்ப்புண்ணால் ஒரு மாதம் அது மெலிந்தால், குடும்பமும் அதனோடு மெலியும். வாங்கிய கடனுக்கான வட்டியோ மெலிவதில்லை.

செலவு மிகும் என்பது மூன்றாவது மறுப்பு. உண்ட தீனியில் ஒரு பகுதி அரைபடாமல் இலத்தியோடு வெளியேறுகிறதென்றால், அத்தீனியின் விலையும் செலவுதான். நாள்தோறும் கசியும் இச்செலவு கணக்கில் எழுதப்படாததால் கண்ணுக்குப் படுவதில்லை. குதிரைக்காரன் தீனியின் அளவைக் கூட்டுவான், கடலையைச் சேர்ப்பான், புழுவுக்கு மருந்து கொடுப்பான். கோளாறு வாயில் இருக்க, செலவெல்லாம் வயிற்றுக்குச் செய்யப்படும்.

நான்காவது மறுப்பு மற்ற மூன்றினும் வலியது. அரைகுறைப் பயிற்சியுடையோர் அரத்தை எடுத்தால் நன்மையினும் தீமை மிகும் என்பர். இது முற்றிலும் ஒப்புக்கொள்ளத்தக்கதே. பல் முதலிருப்பைப் போன்றது என்றோம். தேவைக்கு மேல் 3 மில்லிமீட்டர் அராவினால் ஓராண்டுக்குரிய பல்லை ஒரே நாளில் தொலைத்தவர்களாவோம். அளவு மீறினால் பல்லினுள் உள்ள உயிர்ச்சதை வெளிப்பட்டுப் பல்லே இறந்துபடும். அரைக்கும் பரப்பை வழுவழுப்பாக்கிவிட்டால், தேய்ந்த அம்மியில் மிளகாய் அரைத்த கதையாகும். கூர்விளிம்பை மட்டுமே நீக்கவேண்டும்; மிக உயர்ந்துவிட்ட பல்லைச் சிறிது சிறிதாக, சில மாத இடைவெளி விட்டே தாழ்த்தவேண்டும். ஆயினும், இம்மறுப்பு பல் பேணலைக் கைவிடுவதற்குக் காரணமாகாது. தக்காரிடம் ஒப்படைப்பதற்கே காரணமாகும். இந்தியக் கால்நடை மருத்துவக் கழகத்துக்கான 1984ஆம் ஆண்டுச் சட்டம் பதிவுபெற்ற மருத்துவரே சிகிச்சை செய்யவேண்டும் என்று வரையறுத்து, சிறு பணிகளை மட்டும் மாநில அரசின் ஆணைப்படி, அம்மருத்துவரின் மேற்பார்வையில் பயிற்சி பெற்ற ஊழியர் செய்ய இடமளிக்கிறது. பல் பிடுங்குதலும், மயக்க மருந்து செலுத்துதலும் மருத்துவருடைய வேலையேயாகும். அடையாளங்களைக் கண்டறிந்து, குறித்து, உரிய இடத்துக்கு அனுப்புதல் கள ஊழியருடைய வேலை. இவ்விரண்டும் தத்தம் எல்லையில் நிற்குமாயின் தீங்குக்கு இடமில்லை.

செய்யத்தக்கவை

முதலாவதாக, பல் சோதனைக்கென்று தனி நாளும் தனிப் பயணமும் வேண்டுவதில்லை. தடுப்பூசிக்காகவோ, கிளாண்டர்ஸ் சோதனைக்கு இரத்தம் எடுப்பதற்காகவோ குதிரைகள் ஓரிடத்தில் கூட்டப்படும் நாளிலேயே மருத்துவர் வாயையும் பார்த்துவிடலாம். செங்கற்சூளைப் பருவம் மழை ஓய்ந்த பின்னர் தொடங்குகிறது. யாத்திரைப் பருவம் கோடையில் தொடங்குகிறது. இவற்றுக்கு முன்னர் நிகழும் உடற்சோதனையில் பல்லும் ஓர் இனமாகச் சேர்க்கப்படவேண்டும்.

இரண்டாவதாக, சோதனையின் கால அளவு வயதுக்கேற்றதாக இருத்தல் நன்று. இரண்டு முதல் ஐந்து வயது வரை ஆண்டுக்கு இருமுறை. அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறை. முதுமையடைந்தவற்றுக்கும், பல் வரிசை கோணியவற்றுக்கும் மருத்துவர் கூறும் இடைவெளியில் மீண்டும் இருமுறை. கழுதைகளை இவ்வரிசையில் மறந்துவிடலாகாது. கழுதை தன் வலியை வெளிக்காட்டுவதில் குதிரையினும் அடக்கமுடையது. ஆதலால் அதன் வாயைக் கேட்டறிவதற்கில்லை, பார்த்தே அறியவேண்டும்.

மூன்றாவதாக, சிகிச்சைப் பதிவேட்டில் பல்லுக்கென ஒரு பத்தி இருக்கவேண்டும். இலாடம் கட்டிய நாளைக் குதிரைக்காரன் நினைவில் வைத்திருக்கிறான். ஏனெனில் இலாடம் தேய்வது அவன் கண்ணுக்குத் தெரிகிறது. பல்லின் நாளைப் பதிவேடுதான் நினைவில் வைக்கவேண்டும்.

நான்காவதாக, தீனியின் முறை. இயன்ற வரையில் நார்த்தீனியை முதலிலும் மிகுதியாகவும், தானியத்தைக் குறைவாகவும் அளிக்கவேண்டும். தீனித் தொட்டியைத் தரைமட்டத்துக்கு அருகில் வைத்தால் குதிரை தலையைத் தாழ்த்தி, இயற்கையான தாடையோட்டத்தோடு உண்ணும். பற்கள் தேய்ந்து தீர்ந்த முதிய குதிரைக்கு அராவுதல் பயன்படாது. ஊறவைத்து மென்மையாக்கிய தீனியே அதற்குரிய மருத்துவம்.

ஆசிரியர்களுக்கு

சூளைகளையும் யாத்திரை வழிகளையும் சார்ந்த ஊர்களில் குதிரைக்கும் கழுதைக்கும் தீனி வைப்பவர் பல வீடுகளில் பிள்ளைகளே. தாவரம் உண்ணும் விலங்குகளின் பல்லமைப்பைப் பற்றிய பாடத்தைப் படத்தோடு முடித்துவிடாமல், வீட்டிலுள்ள விலங்கோடு இணைத்துக் கற்பிக்கலாம். வாயைத் திறக்கும் வேலை பிள்ளைகளுக்கு வேண்டா, அது ஆபத்து. தள்ளி நின்று கண்டு எழுதச் சொன்னால் போதும். தீனி எவ்வளவு நேரத்தில் முடிகிறது? தரையில் மென்ற உருண்டை கிடக்கிறதா? இலத்தியில் முழுத் தானியம் தெரிகிறதா? எச்சில் ஒழுகும் விலங்கினருகே செல்லலாகாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஒரு வாரம் இவ்வாறு குறித்த பிள்ளை, உயிரியலில் ஒரு பாடத்தையும், தந்தையிடம் சொல்லத்தக்க ஒரு செய்தியையும் ஒருங்கே பெற்றுவிடும்.

சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. குதிரைப் பல்லின் கூர்முனையை நீக்குவதற்கு ஆங்கில நூல்களில் வழங்கும் சொல், கொத்தனார் சாந்தை மட்டப்படுத்தும் கருவியின் பெயரை ஒத்தது. சொல்லுக்குச் சொல் மாற்ற முற்பட்டால் பல்லை நீரில் மிதக்கவிடுவது என்று பொருள்பட்டு நகைப்புக்கிடமாகும். நமக்கு அந்த இடர்ப்பாடே இல்லை. அரம் என்பதும் அராவுதல் என்பதும் கொல்லன் பட்டறையிலும் தச்சன் கூடத்திலும் அன்றாடம் வழங்கும் சொற்கள். பல் அராவுதல் என்றால் கேட்டவுடன் விளங்கும். ஊழியர்கள் மக்களிடம் பேசும்போது, புரியாத கலைச்சொல்லால் அச்சுறுத்தாமல், அந்தந்த வட்டாரத்தில் வழங்கும் இத்தகைய சொல்லையே ஆளுதல் வேண்டும். பெயர் விளங்கினால் அச்சம் பாதி நீங்கும்.

குதிரை வளர்ப்பைப் பற்றி நாம் அளிக்கும் அறிவுரைகளில் தீனி, நீர், கொட்டில், இலாடம், தடுப்பூசி ஆகியவை வரிசையாக வந்து, பல் இறுதியில் ஒரு வரியாக ஒதுங்கிவிடுவது வழக்கமாக உள்ளது. அவ்வரிசை மாறவேண்டும். நல்ல தீனி கொடுத்தும் அது அரைபடாவிட்டால் கொடுத்தவன் உழைப்பு வீண். விலங்கின் உழைப்பும் வீண். விலை பேசும் நாளில் காட்டும் கவனத்தில் ஒரு சிறு பங்கினை ஆண்டுக்கு ஒரு நாள் காட்டுவோமாயின், வாயில்லாப் பிராணி என்று நாம் இரங்கிக் கூறும் அவ்விலங்கின் வாய்க்கு நாம் செய்யும் முதல் உபகாரம் அதுவாகும்.